குழந்தைகளும் திகில் காட்சிகளும்: வீட்டுத் தொலைக்காட்சியின் பூட்டு வசதிகளை எவ்வளவு நம்பலாம்?

சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டில் தொலைக்காட்சி ஒன்றுதான். அதன் முன் உட்காருபவர்கள் என் மாமியார், நான், என் கணவர், ஒன்பது வயது மகன், நான்கரை வயது மகள். கேபிள் இணைப்பின் செட்டாப் பாக்ஸ், இணையம் வழியாக வரும் ஓடிடி செயலிகள், யூடியூப் ஆகிய எல்லாம் அந்த ஒரே திரையில்தான் ஓடுகின்றன. குழந்தைகளுக்காக இவற்றில் வைக்கப்பட்டிருக்கும் பூட்டு, வயதுக் குறியீடு, சிறுவர் பக்கம் போன்ற வசதிகளை ஒரே ஒரு கேள்வியை வைத்து இங்கே மதிப்பிடுகிறேன்: பேய், உருமாற்றம், அலறல், இருட்டில் நிகழும் கொலை என்று பயமுறுத்தும் காட்சிகளிலிருந்து சிறு குழந்தையை இவை காக்கின்றனவா? ஆபாசம், கெட்ட வார்த்தை போன்றவற்றைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். பயத்தைப் பற்றிப் பெற்றோர் பேசுவது குறைவு. பெரும்பாலான வீடுகளில் அது "புள்ள பயந்துக்கிச்சு" என்று ஒரு திருநீற்றுப் பூச்சோடு முடிந்துவிடுகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வசதிகள் எல்லாம் தனிக் கட்டணம் இல்லாமல் கிடைக்கின்றன. குழந்தை இருக்கும் எந்த வீட்டிலும் இவற்றை இயக்கி வைக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு படைப்பு எந்த வயதினருக்கு உரியது என்பதை மட்டுமே இவை சொல்கின்றன. நம் குழந்தை எதைக் கண்டு நடுங்கும் என்பது இவற்றுக்குத் தெரியாது. மருந்துப் புட்டியில் வயது அச்சிட்டிருந்தாலும் மருத்துவர் குழந்தையின் எடையைப் பார்த்துத்தானே அளவு எழுதித் தருகிறார்? திரையில் தெரியும் எண்ணுக்கும் அந்த மதிப்புத்தான் உண்டு.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்வது பயனுள்ளது. ஓடிடி தளங்கள் தங்கள் படைப்புகளை யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று வகைப்படுத்த வேண்டும் என்று 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. அப்படி வகைப்படுத்தும்போது வன்முறை, மொழி, போதைப்பொருள் ஆகியவற்றோடு திகிலையும் ஓர் அளவுகோலாகக் கொள்ள வேண்டும். 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வசதி தர வேண்டும் என்பதும் அந்த விதிகளிலேயே இருக்கிறது. திரைப்படங்களுக்கு 1983 முதல் இருந்து வந்த ஒற்றை யு/ஏ சான்றிதழும், 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு இதே போல 7, 13, 16 என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. இது உண்மையிலேயே நல்ல மாற்றம். முன்பு ஐந்து வயதுக் குழந்தைக்கும் பதினோரு வயதுப் பையனுக்கும் "பெற்றோர் துணையோடு பார்க்கலாம்" என்ற ஒரே வாசகம்தான் இருந்தது.

இருந்தாலும் ஏழு என்ற எண்ணுக்குக் கீழே எந்தப் படியும் இல்லை. மூன்று, நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் எல்லாரும் "யு" என்ற ஒரே எழுத்துக்குள் அடங்கிவிடுகிறார்கள். திரையில் காண்பதைக் கண்டு மிக எளிதாகப் பயப்படுகிற வயது அதுதான்.

சிறு குழந்தைகள் தொலைக்காட்சியில் எதைக் கண்டு பயப்படுகிறார்கள் என்பதை அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜோஆன் கேன்டர் என்ற பேராசிரியர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1980களில் அவரும் அவரோடு பணியாற்றியவர்களும் செய்த ஆய்வுகளைப் படித்த பிறகுதான் எங்கள் வீட்டில் நடப்பதற்கு எனக்கு விளக்கம் கிடைத்தது. சாதுவான மனிதன் ஒருவன் கோபம் வந்ததும் பச்சை நிறப் பூதாகார உருவமாக மாறும் தொடர் ஒன்று அப்போது அங்கே பிரபலமாக இருந்தது. அந்த உருவம் நல்லவர்களைக் காப்பாற்றும் நாயகன்தான். ஆனாலும் பள்ளிக்குப் போகாத வயதுக் குழந்தைகள் அதிகம் பயந்தது அந்த மாற்றத்துக்குப் பின்புதான். கதாநாயகன் ஆபத்தில் சிக்கியிருந்த காட்சி அவர்களை அவ்வளவாக வாட்டவில்லை. பெரிய குழந்தைகளிடம் நிலைமை தலைகீழாக இருந்தது. இன்னோர் ஆய்வில் ஒரு மூதாட்டியை நான்கு விதமாகப் படமாக்கிக் காட்டினார்கள்: அழகான முகத்தோடு அன்பாக நடப்பவர், அழகான முகத்தோடு கொடுமை செய்பவர், விகாரமான முகத்தோடு அன்பாக நடப்பவர், விகாரமான முகத்தோடு கொடுமை செய்பவர். சின்னஞ்சிறு குழந்தைகள் முகத்தை வைத்தே அவர் நல்லவரா கெட்டவரா என்று பெரிதும் முடிவு செய்தார்கள். வயது ஏற ஏற அவர் செய்யும் செயலைப் பார்த்தார்கள்.

இதைப் பெற்றோர் மனத்தில் பதித்துக்கொண்டால் போதும், பாதிக் குழப்பம் தீரும். நாம் கதையைப் பார்த்து "இது பாதுகாப்பானது, கடைசியில் அம்மன் வந்து காப்பாற்றுகிறாள்" என்று தீர்மானிக்கிறோம். நான்கு வயதுக் குழந்தை கதையைப் பின்தொடர்வதே இல்லை. அது ஒரு முகத்தையும் ஒரு சத்தத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு படுக்கைக்குப் போகிறது.

இனி வசதிகளுக்கு வருகிறேன். அவற்றில் மிகப் பலவீனமானது செட்டாப் பாக்ஸின் பூட்டு. அமைப்புப் பக்கத்தில் "சைல்டு லாக்" அல்லது "பேரன்டல் லாக்" என்ற பெயரில் அது இருக்கும். நான்கு இலக்க எண் கொடுத்து நாம் விரும்பும் அலைவரிசைகளைப் பூட்டலாம். பெட்டியோடு வரும் எண் பெரும்பாலும் 0000 அல்லது 1234 என்றிருப்பதால், மாற்றாமல் விட்டால் ஒன்பது வயதுப் பையன் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகாது. அதைவிடப் பெரிய குறை, இந்தப் பூட்டு அலைவரிசையைத்தான் பூட்டும், நிகழ்ச்சியைப் பூட்டாது என்பது. குழந்தையைப் பயமுறுத்துவது எங்கோ மூலையில் இருக்கும் ஆங்கிலத் திகில் அலைவரிசை அன்று. வீட்டில் எல்லாரும் விரும்பிப் பார்க்கும் தமிழ் அலைவரிசையில், இரவுச் சாப்பாட்டு நேரத்தில், கண்கள் சிவந்து பாம்பாக மாறும் பெண் அவள். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓடும் பேய் நகைச்சுவைப் படம் அது. என் மாமியார் பார்க்கும் தொடர்களுக்காக அந்த அலைவரிசை எங்கள் வீட்டில் திறந்தே இருக்க வேண்டும். அவருக்கு அந்த நேரம்தான் ஓய்வு. அதைப் பறிப்பது நியாயமாகாது. ஆகவே பூட்டு எங்கே தேவையோ அங்கே போட முடியாது, எங்கே போட முடியுமோ அங்கே தேவையில்லை.

ஓடிடியில் கட்டாயமாக இருக்கும் வயது எண் இந்தத் தொடர்களின் போது திரையில் வருவதில்லை. சட்டத்தில் எதுவுமே இல்லை என்று சொல்ல முடியாது. குழந்தைகள் அதிக எண்ணிக்கையில் பார்க்கும் நேரத்தில் அவர்களுக்கு ஒவ்வாத நிகழ்ச்சிகளை ஒளிபரப்பக் கூடாது என்று கேபிள் தொலைக்காட்சி விதிகளின் நிகழ்ச்சிக் கோட்பாடு, அதாவது 1994ஆம் ஆண்டு விதிகளின் ஆறாவது விதி, தெளிவாகவே சொல்கிறது. மூடநம்பிக்கையை வளர்க்கும் நிகழ்ச்சிகளையும் அதே விதி தடுக்கிறது. ஒளிபரப்பாளர்கள் தாங்களே வகுத்துக்கொண்ட கட்டுப்பாட்டு நெறிகளின்படி, பொதுப் பார்வைக்கு உரியவை, கட்டுப்படுத்தப்பட்டவை என்று நிகழ்ச்சிகள் இரண்டாகப் பிரிகின்றன. இரண்டாவது வகை இரவு பதினொரு மணி முதல் காலை ஐந்து மணி வரைதான் வர வேண்டும். பாம்புப் பெண்ணும் பழிவாங்கும் ஆவியும் பொதுப் பார்வைக்கு உரியவர்களாகக் கருதப்படுவதில்தான் சிக்கல் இருக்கிறது. பிரிட்டனில் இரவு ஒன்பது மணிக்கு முன்பு பிள்ளைகளுக்கு ஒவ்வாததைக் காட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு நெடுங்காலமாக இருக்கிறது. அங்கேயும் ஒன்பது மணிக்கு முன்னால் வரும் திகிலைப் பற்றிச் சச்சரவுகள் எழுந்திருக்கின்றன.

அவற்றில் ஒன்றை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. பிபிசி 1963 நவம்பரில் தொடங்கிய "டாக்டர் ஹூ" குடும்பமாக உட்கார்ந்து பார்ப்பதற்கென்றே சனிக்கிழமை மாலையில் ஒளிபரப்பான தொடர். அதைச் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்தோம் என்று அங்கே ஒரு தலைமுறையே ஆசையோடு நினைவுகூர்கிறது. 1976இல் அதன் ஒரு பகுதி, கதாநாயகனின் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்திருக்கும் காட்சியில் அப்படியே உறைந்து நின்று முடிந்தது. தொலைக்காட்சியில் வரும் ஒவ்வாத காட்சிகளை எதிர்த்து இயக்கம் நடத்திவந்த மேரி வொய்ட்ஹவுஸ் என்ற பெண்மணி பிபிசிக்குக் கடுமையாகப் புகார் எழுதினார். ஒரு சிறு குழந்தைக்கு அடுத்த வாரம் வரை அவன் பிழைத்தானா என்று தெரியாது, தண்ணீருக்குள் இருக்கும் அந்த முகம்தான் மனத்தில் நிற்கும் என்பது அவருடைய வாதம். பிபிசியின் தலைமை இயக்குநர் வருத்தம் தெரிவித்தார். அந்த உறைந்த காட்சி பின்னர் ஒளிநாடாவிலிருந்து குறைக்கப்பட்டது. வொய்ட்ஹவுஸ் அம்மையார் எதிர்த்த வேறு பலவற்றில் எனக்கு உடன்பாடு இல்லை. இந்த ஒன்றில் அவர் சொன்னது சரி என்றே கருதுகிறேன்.

நம் ஊர்த் தொடர்களில் இது தினமும் நடக்கிறது. கத்தி உயர்ந்து நிற்கும், கதவிடுக்கில் ஒரு கண் தெரியும், இடி முழங்கும், மூன்று முறை அதே முகத்தை அருகே கொண்டுவந்து காட்டுவார்கள், "தொடரும்" என்று எழுத்து வரும், அதோடு குழந்தையைப் படுக்க அனுப்புகிறோம். மறுநாள் அந்த முடிச்சு அவிழ்வதைக் குழந்தை பார்ப்பதில்லை. அது அப்போது தூங்கிக்கொண்டோ விளையாடிக்கொண்டோ இருக்கலாம். பயம் மட்டும் பாக்கி நிற்கிறது. ஒரு திகில் படத்தை முழுதாகப் பார்த்து, பேய் ஒழிந்ததையும் விடிந்ததையும் பார்த்துவிட்டுத் தூங்கும் குழந்தையைவிட, தொடரின் கடைசி இரண்டு நிமிடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தூங்கப்போகும் குழந்தைக்குத்தான் இரவு கடினமாக இருக்கிறது. இதற்கு எந்தப் பூட்டும் மருந்தாகாது. இன்னும் மோசமானவை விளம்பர இடைவேளைகளில் வரும் ப்ரோமோக்கள். சமையல் நிகழ்ச்சிக்கும் பாட்டுப் போட்டிக்கும் நடுவே, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், இரவுத் தொடரின் மிகப் பயங்கரமான பத்து நொடிகளை எடுத்துப் பகல் பதினொரு மணிக்குக் காட்டுகிறார்கள்.

எங்கள் வீட்டில் மகள் கேட்ட கேள்வி இத்தகைய ஒரு ப்ரோமோவிலிருந்துதான் பிறந்தது. "அப்பாயி, அந்தப் பாம்பு நம்ம வீட்டுக்கு வருமா?" என்றாள். "வராது கண்ணு, அதெல்லாம் டிவிக்காரங்க பண்றது" என்றார் என் மாமியார். சற்று யோசித்துவிட்டு, "அப்ப டிவிக்காரங்க வருவாங்களா?" என்று கேட்டாள். அன்றிரவு விளக்கை அணைக்க விடவில்லை.

பயந்த குழந்தைக்கு என்ன ஆறுதல் என்பதையும் அந்த விஸ்கான்சின் ஆய்வாளர்கள் கேட்டிருக்கிறார்கள். "இது உண்மை இல்லை என்று உனக்கு நீயே சொல்லிக்கொள்" என்பது ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு நன்றாக உதவும் என்று அந்தப் பிள்ளைகளே சொன்னார்கள். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் அதை நம்பவில்லை. ஒரு போர்வையையோ பொம்மையையோ இறுகப் பிடித்துக்கொள்வது, ஏதாவது தின்பது, குடிப்பது ஆகியவையே உதவும் என்றார்கள். எனவே சிறியவளிடம் இப்போது நாங்கள் விளக்கம் சொல்வதில்லை. மடியில் வைத்துக்கொள்கிறோம், வெதுவெதுப்பான பால் தருகிறோம், நடையில் ஒரு சிறு விளக்கை எரியவிடுகிறோம். பெரியவனுக்கு மட்டும் ஒப்பனை, கணினி வரைகலை எல்லாவற்றையும் சொல்லிக் கொடுக்கிறோம்.

பெரியவனின் பயம் வேறு வகையானது. அதை இந்த வசதிகள் தொடுவதே இல்லை. பேய்ப்படத்தைச் சிரித்துக்கொண்டே பார்ப்பவன், மழைக்காலத்தில் யேற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து பாறை விழுந்த செய்தியைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, இனி அந்த மலைக்குக் காரில் வரமாட்டேன் என்று அடம்பிடித்தான். செய்தி அலைவரிசைக்கு எந்த வயது எண்ணும் கிடையாது. 1983இல் அமெரிக்காவில் அணுகுண்டுத் தாக்குதலைப் பற்றிய ஒரு தொலைக்காட்சிப் படம் ஒளிபரப்பானபோது கேன்டரின் குழு பெற்றோர்களிடம் விசாரித்தது; சிறு குழந்தைகள் அதிகம் பாதிக்கப்படவில்லை, வயது கூடியவர்களே கூடுதலாகக் கலங்கினார்கள் என்று தெரிந்தது. நடக்கக்கூடியது எது என்று புரியத் தொடங்கும் வயதில் பயமும் அங்கே இடம் பெயர்ந்துவிடுகிறது. தங்கைக்குப் போட்ட பூட்டு அண்ணனுக்குப் பயன்படாததற்கு இதுவே காரணம்.

ஓடிடி தளங்களின் சிறுவர் பக்கங்களுக்குச் செட்டாப் பாக்ஸைவிட மிக நல்ல மதிப்பெண் தருவேன். நெட்ஃபிளிக்ஸில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பக்கம் அமைத்து அதன் வயது வரம்பை நாமே நிர்ணயிக்கலாம். வரம்புக்குள் வரும் படைப்புகளில்கூட நமக்கு வேண்டாத ஒன்றைப் பெயர் சொல்லித் தடுக்கலாம். பெரியவர்களின் பக்கத்துக்கு நான்கு இலக்க எண் வைக்கலாம். பெயர் சொல்லித் தடுக்கும் வசதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஏழு வயதுக்கு உரியது என்ற குறியோடு வந்தாலும், அதில் ஓர் அன்பான தாய் முகம் விகாரமாகி அரக்கியாக மாறும் காட்சி இருந்தால், அந்த ஒன்றை மட்டும் என் மகளின் பக்கத்திலிருந்து நீக்கிவிட முடிகிறது. பயத்துக்கு ஏற்ப அளவு குறைத்துத் தைத்துக்கொள்ளும் வாய்ப்பு இந்த ஓர் இடத்தில்தான் நமக்குக் கிடைக்கிறது. அமேசான் பிரைம் வீடியோவிலும் சிறுவர் பக்கமும் எண் பூட்டும் உண்டு.

இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பெரியவர்களின் பக்கத்துக்கு எண் வைக்காவிட்டால் சிறுவர் பக்கம் இருந்தும் பயனில்லை. எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைக்கும் படத்தைப் பார்த்து அப்பாவின் பக்கத்தைத் திறக்கத் தெரியும். அடுத்தது, முகப்பில் அம்புக்குறி நின்ற உடனே தானாக ஓடத் தொடங்கும் முன்னோட்டங்கள். இரத்தம் தோய்ந்த முகமும் அலறலும் நாம் கேட்காமலேயே வந்துவிடுகின்றன. நெட்ஃபிளிக்ஸில் அதை நிறுத்தும் வசதி கணக்கு அமைப்பில் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியே நிறுத்த வேண்டும். பெரியவர்களின் பக்கத்திலும் நிறுத்திவிடுங்கள், ஏனென்றால் நாம் படம் தேடும் நேரத்தில் குழந்தை நம் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

யூடியூபைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிறுவர்களுக்கான யூடியூபில் நான்கு வயதும் அதற்குக் கீழும், ஐந்து முதல் எட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு என்று மூன்று பிரிவுகள் இருக்கின்றன. ஏழுக்குக் கீழே படி வைத்திருக்கும் காரணத்தால் இதை மெச்சலாம். ஆனால் 2017இல், பிரபலமான கார்ட்டூன் பாத்திரங்களின் வேடத்தில் ஊசி குத்துவது, கை கால் வெட்டுவது போன்ற காணொளிகள் குழந்தைகளுக்கான வரிசைக்குள் புகுந்துவிட்டது உலகெங்கும் செய்தியானது. இயந்திரம் வடிகட்டும் எந்த இடத்திலும் இப்படி நேரலாம். "நானே தேர்ந்தெடுத்துத் தருவேன்" என்ற அமைப்பு அதில் இருக்கிறது; நாம் அனுமதித்த காணொளிகளும் அலைவரிசைகளும் மட்டுமே வரும், தேடும் பெட்டி மறைந்துவிடும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அதைத் தவிர வேறு எந்த அமைப்பையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வேலை கொஞ்சம் அதிகம்தான்.

பூட்டு எல்லாம் வீட்டுப் பெட்டியோடும் நம் கணக்கோடும் கட்டுண்டவை என்பது வெளியூர் போகும்போதுதான் உறைக்கிறது. கோடை விடுமுறையில் யேற்காட்டில் நாங்கள் தங்கிய ஒரு விடுதி அறையில், மாலையில் பனி இறங்கி வெளியே போக முடியாமல் தொலைக்காட்சியைப் போட்டால், எல்லா அலைவரிசைகளும் திறந்து கிடந்தன. விடுதி வைத்திருந்த ஓடிடி கணக்கில் சிறுவர் பக்கமே இல்லை. ஏதேனும் பூட்டு வசதி உண்டா என்று வரவேற்பில் கேட்டதற்கு, அப்படி இதுவரை யாரும் கேட்டதில்லை என்று மரியாதையாகப் பதில் சொன்னார்கள். குடும்பங்களை நம்பித்தான் அந்த மலையில் விடுதிகள் நடக்கின்றன. அறையைப் பதிவு செய்யும்போதே இதைக் கேட்கும் பழக்கம் பெற்றோர்களுக்கு வந்தால் அவர்களும் செய்து வைப்பார்கள். இப்போதைக்கு, சிறுவர் பக்கத்தில் முன்கூட்டியே பதிவிறக்கி வைத்த நிகழ்ச்சிகளோடு கைப்பேசியை எடுத்துச் செல்வதே வழி.

இவ்வளவும் சொல்வதால் குழந்தையின் வாழ்வில் பயமே நுழையக் கூடாது என்பது என் கருத்து என்று யாரும் எண்ண வேண்டாம். ஆடித் திருவிழாவில் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை நடக்கும்போது சேலத்தில் எந்த வீட்டுக் குழந்தையும் உள்ளே உட்கார்ந்திருப்பதில்லை. தெய்வ வேடங்களும் அரக்க வேடங்களும் போட்டவர்கள் அலங்கரித்த வண்டிகளில் வருகிறார்கள். நாக்கைத் தொங்கவிட்ட காளியும் வருகிறாள். அப்பாவின் தோளில் உட்கார்ந்திருக்கும் குழந்தை அவர் தலைமுடியை இறுகப் பற்றிக்கொண்டு, முகத்தை மறைத்துக்கொண்டு, பிறகு விரலிடுக்கில் எட்டிப் பார்க்கிறது. அதுவும் திகில்தான். ஆனால் அங்கே வெளிச்சம் இருக்கிறது, சுற்றிலும் நூறு பேர் மகிழ்ச்சியாக நிற்கிறார்கள், வண்டி நகர்ந்து போய்விடுகிறது, வேண்டாம் என்றால் அப்பா திரும்பி நடந்துவிடுவார். எப்போது பார்ப்பது, எப்போது கண்ணை மூடுவது என்பது குழந்தையின் கையில் இருக்கிறது. தொலைக்காட்சித் திகிலிலும் எனக்கு இதுவே அளவுகோல். குழந்தை தானாக விரும்பிப் பார்க்கிறதா, அல்லது பெரியவர்கள் பார்ப்பதால் அங்கே இருக்க நேர்ந்ததா? பக்கத்தில் ஒட்டிக்கொள்ள ஆள் இருக்கிறதா? நிறுத்து என்றால் உடனே நிறுத்துவோமா? முடிவு தெரிந்த பிறகுதான் எழுந்திருக்கிறதா? இவற்றுக்கு ஆம் என்று பதில் வந்தால், சற்றே பயமூட்டும் ஒரு கதையைப் பெரியவனோடு சேர்ந்து பார்க்க நான் தயங்குவதில்லை.

சிறியவளுக்கு நான் செய்வது எளிது. புதிதாக எதைக் காட்டுவதாக இருந்தாலும் முதலில் சத்தத்தை அணைத்துவிட்டு முகங்களையும் உருமாற்றங்களையும் மட்டும் வேகமாக ஓட்டிப் பார்க்கிறேன். பிறகு திரையைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் சிறிது நேரம் கேட்கிறேன். கதை நல்லதா என்பதை அதற்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் கூட்டமைப்பு 2021இல் பரிந்துரைத்திருப்பதால், இப்படிச் சரிபார்க்க வேண்டியதும் அதிகம் இல்லை. மாமியாரின் தொடர் நேரத்தில் அவள் தாத்தாவோடு பின்வாசலில் இருப்பாள் என்பதை மாமியாரோடு பேசியே முடிவு செய்தோம். "புள்ளைக்கு ஆகாததுன்னா நான் ப்ரோமோ வர்றப்ப மாத்திடறேன்" என்று அவரே முன்வந்து ரிமோட்டைக் கையில் வைத்துக்கொள்ளத் தொடங்கியிருக்கிறார்.

பகல் நேரத்து ப்ரோமோக்களைப் பற்றி நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2021இல் திருத்தப்பட்ட கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி, பார்வையாளர் எவரும் அலைவரிசைக்கு எழுத்தில் புகார் தரலாம். பெற்றுக்கொண்டதை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அவர்கள் தெரிவிக்க வேண்டும், பதினைந்து நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பதில் நிறைவளிக்காவிட்டால் ஒளிபரப்பாளர்களின் சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். பொழுதுபோக்கு அலைவரிசைகள் பலவற்றுக்கு அது 2011 முதல் இயங்கிவரும் ஒளிபரப்பு உள்ளடக்கப் புகார் மன்றம். ஓடிடி தளங்களுக்கும் இதே பதினைந்து நாள் கணக்கு உண்டு. புகாரில் அலைவரிசையின் பெயர், நாள், மணி, எந்த நிகழ்ச்சியின் இடைவேளையில் அந்த ப்ரோமோ வந்தது, அப்போது எத்தனை வயதுக் குழந்தை பார்த்துக்கொண்டிருந்தது என்ற விவரங்கள் இருக்க வேண்டும். குழந்தைகள் அதிகம் பார்க்கும் நேரத்தைப் பற்றிய ஆறாவது விதியையும் குறிப்பிடுங்கள். தமிழிலேயே எழுதலாம்.